அரை இஞ்சு பீன்ஸ்

மகள்: ...அதெல்லாம் முடியாதுப்பா. பேசினது பேசினதுதான். நான் ஒண்ணையும் கையால தொட மாட்டேன்.

அப்பா: தொட வேணாம்மா. அந்தத் தட்டை மட்டும் இப்படிக் கொஞ்சம் நகத்து.

மகள்: நகத்துறதும் தொடுறதுதான்.

அப்பா: ஒரு தட்டுக்கு இத்தனை சட்டமா?

மகள்: பாருங்க, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்திருக்கேன். டிரைவிங் ஸ்கூல்ல பதினோரு வருஷமா இப்படித்தான் உக்காந்திருக்கேன். ஓட்டிப் பழகுறவன் வண்டியை மரத்துப் பக்கம் திருப்பினாலும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்.

அப்பா: அப்ப மோதிடாதா?

மகள்: என் கால்ல ஒரு ப்ரேக் இருக்கும்ல.

அப்பா: இங்க எது ப்ரேக்?

மகள்: காஸ். ஏதாவது தீயிற வாசனை வந்தா அடைச்சிடுவேன். அடைச்சா நீங்க ஃபெயில்.

அப்பா: இன்னொரு தடவை முழுசா சொல்லிடு. பாஸானா என்ன, ஃபெயிலானா என்ன. அப்புறம் மாத்திப் பேசக் கூடாது.

மகள்: எத்தனை தடவைதான்... முந்தாநாள் போன்ல சொன்னதேதான். ஒரே ஒரு காய். பீன்ஸ். நீங்களே வாங்கி, நீங்களே நறுக்கி, நீங்களே சமைக்கணும். மாடி வீட்டு போஸ்ட்மாஸ்டர் மாமா சாப்பிட்டுப் பாத்து நல்லா இருக்குன்னா, நீங்க இந்த வீட்டுலயே தனியா இருக்கலாம். நான் இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். நல்லா இல்லன்னா...

அப்பா: நல்லா இல்லன்னா?

மகள்: இன்னிக்கு நாலு மணி ட்ரெயின்ல என்கூடக் கிளம்பணும். ஒரு வாரம் பத்து நாளுக்கு இல்ல. நிரந்தரமா.

அப்பா: நான் எதுக்கு ஃபெயிலாகப் போறேன். என் வீடு, என் அடுப்பு.

மகள்: அம்மா அடுப்பு.

அப்பா: ...சரி, அம்மா அடுப்பு. அவ போய் எட்டு மாசமா நான்தானே பத்த வைக்கிறேன்.

மகள்: பத்த வச்சு என்ன செஞ்சீங்க?

அப்பா: முட்டை. ரொட்டி. அப்புறம்... மறுபடியும் முட்டை.

மகள்: அதான் தெரியுதே. போன தடவை பாத்தப்ப இந்தச் சட்டை உடம்புல நின்னுச்சு. இப்ப ஹேங்கர்ல மாட்டின மாதிரி தொங்குது.

அப்பா: தொங்கினா நல்லதுதான். காத்து வரும்.

மகள்: நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. சரி, ஆரம்பிங்க. மணி பதினொண்ணு ஆச்சு. பீன்ஸ் எங்க?

அப்பா: இந்தா. காலையில போய் வாங்கினது.

மகள்: எல்லாம் பிஞ்சா இருக்கே. கடைக்காரம்மா எடுத்துக் குடுத்தாங்களா?

அப்பா: அவங்களா? நான் பொறுக்கினேன். ஒவ்வொண்ணா வளைச்சுப் பாத்து.

மகள்: ஒவ்வொண்ணாவா?

அப்பா: பின்ன? பட்டறையில வந்து இறங்குற கம்பியை நாலைப் பாத்துட்டு நாப்பதை எடுத்து வைப்பாங்களா? சடக்னு உடையப் பாத்தா இளசு. ரப்பர் மாதிரி வளைஞ்சா முத்தல். பின்னாடி ஆறு பேர் நின்னாங்க. அந்தம்மா கேட்டாங்க, "பெரியவரே, பொண்ணு பாக்க வந்தீங்களா, காய் வாங்க வந்தீங்களா?"ன்னு.

மகள்: நீங்க என்ன சொன்னீங்க?

அப்பா: பொண்ணு பாத்தப்பகூட இவ்ளோ நேரம் எடுக்கலைம்மான்னேன். ஆறு பேரும் சிரிச்சுட்டாங்க. இல்லன்னா அடி விழுந்திருக்கும்.

மகள்: வளைச்சுப் பாக்குறதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

அப்பா: முப்பத்தாறு வருஷம் உங்க அம்மா பின்னாடி பையைத் தூக்கிட்டு நடந்திருக்கேன். கண்ணை மூடிக்கிட்டா நடந்தேன்?

மகள்: ம்... சரி. அது என்ன கையில?

அப்பா: எது?

மகள்: அதுதான். பளபளன்னு.

அப்பா: ஸ்டீல் ஸ்கேல்.

மகள்: எதுக்கு?

அப்பா: நறுக்க.

மகள்: ஸ்கேலால நறுக்குவீங்களா?

அப்பா: கத்தியாலதான் நறுக்குவேன். ஸ்கேல் அளவு வைக்க. வெந்நீர்ல சோப்புப் போட்டுக் கழுவித்தான் எடுத்து வச்சிருக்கேன், மூஞ்சியை அப்படிச் சுளிக்காத. அரை இஞ்சுக்கு ஒரு துண்டு. ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது.

மகள்: நூலா?

அப்பா: இஞ்சுல எட்டுல ஒரு பங்கு ஒரு நூல். லேத்துல நின்னவன் பொண்ணுக்கு நூல் தெரியல. வெளிய சொல்லிடாத.

மகள்: அப்பா, இது பீன்ஸ். போல்ட் இல்ல. யாரும் நட்டு மாட்டப் போறதில்ல.

அப்பா: பெருசு சின்னதா இருந்தா பெருசு வேகாது, சின்னது குழையும். ஒரே அளவா இருந்தா ஒரே நேரத்துல வேகும். இதுக்குப் பெரிய படிப்பு படிக்கணுமா?

மகள்: ...அதுவும் சரிதான்.

அப்பா: முதல்ல காம்பைக் கிள்ளி இப்படிக் கீழே இழுக்கணும். நார் கூடவே வந்துடும். அப்புறம் இந்த நுனியைக் கிள்ளி மேல இழுக்கணும். பாத்தியா, ரெண்டு பக்கமும் வந்துடுச்சு.

மகள்: பாத்தேன். ரொம்ப நல்லாவே வருது.

அப்பா: ஏன் குரல் அப்படிப் போகுது?

மகள்: எப்படிப் போகுது? நல்லாத்தான் போகுது. அது என்ன, அதை மட்டும் தனியா ஒதுக்குறீங்க?

அப்பா: அது கோணல்.

மகள்: கோணலா இருந்தா வேகாதா?

அப்பா: வேகும். அளவை எங்க வச்சு எடுக்குறது? உள்பக்கமா, வெளிப்பக்கமா?

மகள்: கடவுளே... இப்படியே போனா நாலு மணி ட்ரெயின் இல்ல, நாளைக்கு நாலு மணி ட்ரெயினுக்குக்கூட முடியாது.

அப்பா: நீ தனியாப் போற ட்ரெயினுக்கு நான் ஏன் அவசரப்படணும்?

மகள்: ரொம்பத்தான் நம்பிக்கை.

அப்பா: பதினேழு... பதினெட்டு...

மகள்: அப்பா.

அப்பா: பேசாத. எண்ணிக்கை விட்டுப் போகுது.

மகள்: அந்த ஜன்னல் பக்கத்து ரூம் இருக்குல்ல எங்க வீட்டுல. உங்க மாப்பிள்ளை போன வாரம் காலி பண்ணிட்டாரு. பெயிண்ட் எல்லாம் அவரே அடிச்சாரு.

அப்பா: அவருக்கு எதுக்கு வீண் வேலை.

மகள்: மூக்குல, காதுல எல்லாம் பெயிண்ட். ரெண்டு நாள் ஆபீஸ்ல சிரிச்சாங்களாம்.

அப்பா: ...என்ன கலரு?

மகள்: ஏன் கேக்குறீங்க?

அப்பா: சும்மாதான். பேச்சுக்குக் கேட்டேன்.

மகள்: வெளிர் நீலம்.

அப்பா: ம். நீலம் பரவாயில்ல. அழுக்குத் தெரியாது.

மகள்: ஜன்னலுக்கு நேரா ஒரு மேசை போட்டிருக்கோம்.

அப்பா: மேசை ஆடாம நிக்குதா?

மகள்: லேசா ஆடுது.

அப்பா: எந்தக் கால்?

மகள்: அதைக் கேட்டு உங்களுக்கு என்ன ஆகணும்? நீங்கதான் வரவே போறதில்லையே.

அப்பா: அதானே. நான் எதுக்கு வரணும்.

மகள்: வந்தா என்னப்பா? நிஜமா கேக்குறேன். வந்தா என்ன குறைஞ்சு போயிடும்?

அப்பா: இதோ பாரு. எட்டு மாசத்துக்கு முன்னாடி, இதே வீட்டுல, இதே கூடத்துல எல்லாரும் உக்காந்திருந்தாங்க. உன் சித்தப்பா, அத்தை, பட்டறை ஆளுங்க. எல்லார் முன்னாடியும் சொன்னேன். பொண்ணு வீட்டுல போய் உக்காந்து சாப்பிட மாட்டேன், இந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன்னு. சொன்னேனா இல்லையா?

மகள்: சொன்னீங்க. அன்னிக்கு மனசு சரியில்லாம சொன்னது. அதை யாரு எழுதியா வச்சிருக்காங்க?

அப்பா: உன் அத்தை எழுதி வைக்கவே வேணாம். அவளே ஒரு நோட்டுப் புத்தகம்.

மகள்: அத்தைக்குப் பயந்துக்கிட்டா...

அப்பா: பயமா? எனக்கா? அந்த வெங்காயத்தை எடு.

மகள்: நீங்களே எடுங்க. சட்டம்.

அப்பா: சரியான பிடிவாதக்காரி. யார் ரத்தம்னு தெரியல.

மகள்: அதைத்தான் நானும் நினைச்சேன்.

அப்பா: நறுக்கியாச்சு. பாரு இதை. தட்டுல கொட்டினா எப்படி இருக்கு?

மகள்: அழகாத்தான் இருக்கு. மெஷின்ல வெட்டின மாதிரி.

அப்பா: மெஷின் ஒரு நூல் விடும். சரி, தண்ணி கொதி வந்துடுச்சு. காயைப் போடுறேன்.

மகள்: மூடி வைக்கலையா?

அப்பா: மூடினா பச்சை போயிடும்மா. திறந்தே வச்சு அஞ்சு நிமிஷம். அப்புறம் வடிச்சு, உடனே பச்சைத்தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்தா அப்படியே செடியில இருந்த நிறம் நிக்கும்.

மகள்: இருங்க. நீங்க இதை முன்னாடியே செஞ்சிருக்கீங்க.

அப்பா: இல்லையே.

மகள்: என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.

அப்பா: ஒரு... நாலு தடவை இருக்கும்.

மகள்: எட்டு மாசமா முட்டையும் ரொட்டியும்னு சொன்னீங்க?

அப்பா: நடுவுல பீன்ஸ். உங்க அம்மா செய்யறப்ப கதவுல சாஞ்சு நின்னு பாத்தது ஞாபகம் இருந்துச்சு. முதல் தடவை கருகிச்சு. ரெண்டாம் தடவை குழைஞ்சுச்சு. மூணாவது தடவை ஏறக்குறைய அவ கைப்பக்குவம்.

மகள்: நாலாவது?

அப்பா: நாலாவது தடவை செஞ்சு முடிச்சுட்டு எதிர்ல யாருமில்லாம உக்காந்து சாப்பிட்டேன். சாப்பிடவே பிடிக்கல. அதோட விட்டுட்டேன்.

மகள்: அப்பா...

அப்பா: அட, விடு. நல்ல நாளும் அதுவுமா. வடிதட்டு எங்க?

மகள்: அப்ப நீங்க இன்னிக்கு பாஸாகிடுவீங்க.

அப்பா: ஆயிடுவேன் போலத்தான் இருக்கு. நீ ஏன் முகத்தைத் தூக்கி வச்சுக்குற? அப்பனுக்குச் சமைக்கத் தெரியுதுன்னா சந்தோஷம்தானே?

மகள்: சந்தோஷம்தான். யாரு இல்லைன்னு சொன்னா?

அப்பா: கடாய் காஞ்சாச்சு. எண்ணெய். பூண்டு. இந்தச் சத்தம் கேக்குதா? இதுக்கு மேல போனா கசக்கும். இப்ப வெங்காயம். கண்ணாடி மாதிரி ஆனதும் பீன்ஸ். உப்பு அரை ஸ்பூன், தலைதட்டி.

மகள்: உப்பைக்கூடவா ஸ்கேலை வச்சுத் தட்டுவீங்க?

அப்பா: தலைதட்டின்னா தலைதட்டித்தான் போடணும். இதுல கூடக் குறையப் போச்சுன்னா எல்லாம் போச்சு.

மகள்: எல்லாம் போயிடுமா?

அப்பா: போயிடும். மத்தது எல்லாம் சரியா இருந்தாலும் வாயில வைக்க முடியாது.

மகள்: ஓ... அப்பா, வாசல்ல யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கே?

அப்பா: எனக்குக் கேக்கலையே.

மகள்: உங்களுக்கு எது கேட்டிருக்கு. பட்டறைச் சத்தத்துல போன காது. போய்ப் பாருங்க, பாவம் யாரோ வெயில்ல நிக்கிறாங்க.

அப்பா: அடுப்பு?

மகள்: நான் பாத்துக்குறேன். பாக்க மட்டும்தான் பாப்பேன்.

அப்பா: தொடாத.

மகள்: போங்கப்பா.

அப்பா: ...ஒருத்தரும் இல்லையே. தெருக்கோடி வரைக்கும் பாத்தேன்.

மகள்: போயிட்டாங்க போல.

அப்பா: நீ ஏன் நின்னுக்கிட்டிருக்க? கையைக் கீழ வச்சு உக்காந்துல்ல இருந்த?

மகள்: கை மரத்துப் போச்சு. உதறினேன்.

அப்பா: கொஞ்சம் மிளகுத்தூள். ஒரு பிரட்டு. அவ்ளோதான், அணைச்சாச்சு. வாசனை எப்படி?

மகள்: நல்லா வருது. ருசி பாக்கலையா நீங்க?

அப்பா: பரீட்சை எழுதுறவனே மார்க் போட்டுக்கலாமா? நீ போய் போஸ்ட்மாஸ்டரைக் கூட்டிட்டு வா.

மகள்: இங்கிருந்தே குரல் குடுத்தா வந்துடுவாரு.

அப்பா: மரியாதையா மேல போய்க் கூப்பிடு. நடுவரா வராரு. படியேறிப் போ.

மகள்: சரி சரி. தள்ளாதீங்க, போறேன்.

அப்பா: மெதுவாவே கூட்டிட்டு வா. அவருக்கு முட்டிவலி.

போஸ்ட்மாஸ்டர்: ...முட்டிவலி எனக்கு இல்லம்மா, உங்க அப்பாவுக்குத்தான். நேத்து செஸ் ஆட்டத்துல குதிரையைத் தொலைச்சாரு, அந்த வலி. என்ன ஃபோர்மேன், கையை ஏன் வேட்டியில துடைச்சுக்கிட்டே இருக்கீங்க?

அப்பா: ஈரம். வாங்க சார், உக்காருங்க.

மகள்: மாமா, எல்லாம் தெரியும்ல? படியில வரப்ப சொன்னேனே. நல்லா இருக்குன்னா அப்பா இங்க. நல்லா இல்லன்னா எங்ககூட.

போஸ்ட்மாஸ்டர்: தெரியும் தெரியும். நல்லா இல்லன்னா இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவியா?

மகள்: நாலு மணிக்கு.

போஸ்ட்மாஸ்டர்: திரும்பி?

மகள்: இல்ல மாமா.

போஸ்ட்மாஸ்டர்: ம்... குடு பாப்போம். அடடா, இது என்ன, அச்சுல வார்த்து எடுத்த மாதிரி. என்ன பச்சை, என்ன பச்சை.

அப்பா: நிறத்தை விடுங்க. ருசியைச் சொல்லுங்க. உள்ளதை உள்ளபடி சொல்லணும்.

போஸ்ட்மாஸ்டர்: முப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல இருந்திருக்கேன். அடுத்தவன் தபாலை ஒரு நாள் பிரிச்சதில்ல. என்கிட்டயா நேர்மையைப் பத்தி...

மகள்: சாப்பிடுங்க மாமா.

போஸ்ட்மாஸ்டர்: ...

அப்பா: என்ன சார்?

போஸ்ட்மாஸ்டர்: ...இருங்க. முழுங்கிக்கிறேன்.

மகள்: உப்பு எப்படி மாமா?

போஸ்ட்மாஸ்டர்: உப்பா? உப்பு... இருக்கு. கொஞ்சம் தண்ணி குடும்மா.

அப்பா: இருக்குன்னா? கூடவா?

போஸ்ட்மாஸ்டர்: அளவா இருக்கு.

மகள்: அளவாவா?

அப்பா: அளவாவா?

போஸ்ட்மாஸ்டர்: ரெண்டு பேரும் ஏன் ஒரே நேரத்துல கேக்குறீங்க? அளவா இருக்குன்னா அளவா இருக்கு. பிரமாதம். பாஸ். இன்னொரு டம்ளர் தண்ணி.

அப்பா: சார், அவசரப்பட்டுச் சொல்லாதீங்க. நல்லா யோசிங்க. சின்னக் குறைகூடவா இல்ல? எனக்குக் கோவமே வராது.

மகள்: ஆமா மாமா, இன்னொரு வாய் சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க.

போஸ்ட்மாஸ்டர்: இன்னொரு வாயா? ...ஒரு தடவை சொன்னது போதாதா?

அப்பா: நிறைய எடுத்துக்குங்க.

போஸ்ட்மாஸ்டர்: ...ம். ம்ம். பிரமாதம்.

மகள்: கண்ணுல தண்ணி வருது மாமா.

போஸ்ட்மாஸ்டர்: ஆனந்தக் கண்ணீர். உன் அம்மா கைப்பக்குவம் ஞாபகம் வந்துடுச்சு. சொம்போட குடு, டம்ளர் வேணாம்.

மகள்: சரி... அப்ப முடிஞ்சுது. ஜெயிச்சுட்டீங்கப்பா. சொன்ன சொல் சொன்னதுதான். இனிமே வாங்கன்னு கூப்பிட மாட்டேன்.

அப்பா: அவ்ளோதானா?

மகள்: அவ்ளோதான். நீங்க நல்லா இருந்தா அதுவே போதும் எனக்கு.

அப்பா: அழறியா?

மகள்: வெங்காயம்.

அப்பா: வெங்காயம் நறுக்கினது நான். அது வெந்தே அரை மணி ஆச்சு. இந்தா, நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாரு. நடுவர் சொன்னாலும், பரீட்சை வச்சவ நீதானே.

மகள்: எனக்கு வேணாம்.

அப்பா: அப்பா சமைச்சது. ஒரே ஒரு வாய்.

மகள்: ...ஐயோ. தூ. தண்ணி, தண்ணி... மாமா, இதையா பிரமாதம்னீங்க?

போஸ்ட்மாஸ்டர்: வேற என்னம்மா சொல்லச் சொல்ற? நல்லா இல்லன்னா நாலு மணிக்குக் கூட்டிட்டுப் போயிடுவ. சாயந்தரமானா நான் யார்கூட செஸ் ஆடுறது? இந்தத் தெருவுல என்கிட்டத் தோக்குற ஒரே ஆளு உங்க அப்பா.

மகள்: அதுக்காக ரெண்டு வாயா சாப்பிட்டீங்க?

போஸ்ட்மாஸ்டர்: இன்னொரு வாய் கேட்டிருந்தா நேர்மை ஜெயிச்சிருக்கும்.

மகள்: தப்பு என் மேலதான் மாமா. அப்பா, நீங்க ரொம்ப நல்லா சமைச்சீங்க. அதான் எனக்குப் பயம் வந்துடுச்சு. வாசல்ல யாரும் கூப்பிடல. நீங்க அந்தப் பக்கம் போனதும் நான்தான் ஒரு ஸ்பூன் உப்பை அள்ளிப் போட்டுப் பிரட்டினேன்.

அப்பா: நீயா?

மகள்: பதினோரு வருஷத்துல ஒருத்தரையும் அநியாயமா ஃபெயில் பண்ணினதில்ல. உங்களைப் பண்ணணும்னு தோணிச்சு. எனக்கு நீங்க வேணும்ப்பா. கேட்டா வர மாட்டீங்க, எனக்கு வேற வழி தெரியல. ஆனா அது அழுகுணி ஆட்டம். பரீட்சை செல்லாது. நியாயமா நீங்கதான் பாஸ். நீங்க இங்கயே இருங்க.

போஸ்ட்மாஸ்டர்: இரும்மா. ஃபோர்மேன், பொண்ணு இப்படிக் கேக்குறா, கல்லு மாதிரி நிக்கிறீங்க. போங்க. நம்ம ஆட்டத்தைத் தபால்ல ஆடிக்கலாம். ஒரு கார்டுக்கு ஒரு நகர்த்தல். முப்பது வருஷம் ஊரார் தபாலுக்கு முத்திரை குத்தியாச்சு, இனிமே எனக்கும் ஒண்ணு வரட்டும்.

மகள்: வேணாம் மாமா, கட்டாயப்படுத்தாதீங்க. அவருக்கு இஷ்டமில்ல.

போஸ்ட்மாஸ்டர்: சரி, ஆனா எனக்கு ஒண்ணு இடிக்குது. ஒரு ஸ்பூன் உப்புக்கு இந்தக் கரிப்பு வராது. நான் எடை போட்டே காலம் தள்ளின ஆளு. என் நாக்குக்கு நாலரை ஸ்பூன் தெரிஞ்சுது.

மகள்: நாலரையா? அப்பா போட்டது அரை, நான் போட்டது ஒண்ணு. ஒன்றரைதானே வருது. மீதி மூணு எங்கிருந்து... அப்பா? ஏன் தரையைப் பாக்குறீங்க? அப்பா?

அப்பா: நீ மாடிப்படி ஏறினியே, அப்ப நான் போட்டதும்மா அந்த மூணும்... கோணல்மாணலா நறுக்கியே தோத்துடலாம்னுதான் நினைச்சேன், ஆனா கை கேக்க மாட்டேங்குது. எல்லார் முன்னாடியும் வர மாட்டேன்னு சொன்ன வாயால எப்படிம்மா வரேன்னு சொல்றது... சரி, நிக்காத. கட்டிலுக்கு அடியில என் பெட்டி இருக்கு, முந்தாநாளே கட்டி வச்சுட்டேன், போய் இழுத்துட்டு வா.